நெட்டைப் பிள்ளைகளை வளையத்துக்கு அடியில் கட்டிப்போடாதீர்கள்: கேள்வி பதில்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பள்ளி, கல்லூரி அணிகளுக்கு நெடுங்காலமாகக் கூடைப்பந்துப் பயிற்சி அளித்துவருகிறேன். உயரமான பிள்ளைகளை எப்படி உருவாக்குவது, தொழில்முறை அணிகள் இதை எப்படிச் செய்கின்றன என்று வந்த கேள்விகளைச் சுருக்கி, பதிலோடு தருகிறேன்.

என் மகனுக்கு 15 வயது, உயரம் 6 அடி 3 அங்குலம். "வளையத்துக்கு அடியிலேயே நில், பந்தைத் தரையில் தட்டாதே" என்று பள்ளியில் சொல்கிறார்கள். இது சரியா ஐயா? (ஒரு தந்தை, பாலக்கோடு)

சரியில்லை. உயரமான பிள்ளைகளுக்கு உலகம் முழுவதும் இழைக்கப்படும் அநியாயம் இது. பள்ளிப் போட்டியில் எதிரணிப் பையன்களின் தலைக்கு மேல் கையை நீட்டிப் பந்தை எடுத்துப் போட்டாலே வெற்றி கிடைத்துவிடும். அதே பையன் 19 வயதில் தன்னைவிட உயரமானவர்களைச் சந்திக்கும்போது கையில் ஒரு வித்தையும் இருக்காது. அவன் வளர்ச்சி எங்கே நிற்கும் என்பதும் நமக்குத் தெரியாது. 6 அடி 4 அங்குலத்தில் நின்றுவிட்டால் தேசிய அளவில் அவன் சென்டர் (வளையத்தை ஒட்டி ஆடும் உயரமான வீரர்) ஆட முடியாது. வெளியே வந்து ஆடவும் பழகியிருக்க மாட்டான்.

அமெரிக்க வீரர் ஆந்தனி டேவிஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தபோது கார்டு இடத்தில் (பந்தைத் தட்டிக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தும் இடம்) ஆடியவர். பள்ளிக் காலத்திலேயே ஏறத்தாழ 8 அங்குலம் வளர்ந்து 6 அடி 10 அங்குலம் ஆனார். சிறுவனாகக் கற்ற பந்தாளும் பழக்கம் அந்த உயரத்தோடு சேர்ந்தபோது, 2012-இல் அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் ஆளாகத் தேர்வானார்.

ஆசிரியரோடு சண்டை வேண்டாம். போட்டியில் அவர் சொன்ன இடத்தில் ஆடட்டும். பயிற்சியில் மட்டும் ஒரு சலுகை கேளுங்கள்: ரீபவுண்டை (வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை) எடுத்தவுடன் அடுத்தவன் கையில் கொடுத்துவிடாமல், அவனே பந்தைத் தட்டிக்கொண்டு நடுக்கோடுவரை போய்ப் பாஸ் செய்யட்டும். தப்புச் செய்வான், பந்தைப் பறிகொடுப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அரசுப் பள்ளியில் ஒரே ஒரு சிமென்ட் தளம், மாலையில் நாற்பது நிமிடம். உயரமான மாணவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? (உடற்கல்வி ஆசிரியர், பென்னாகரம் பக்கம்)

காலிலிருந்து தொடங்குங்கள் சார். பந்தை எறிவதெல்லாம் பிறகு.

ஹக்கீம் ஒலாஜுவான் நைஜீரியாவின் லாகோஸில் கால்பந்து கோல்கீப்பராகவும் ஹேண்ட்பால் வீரராகவும் இருந்தவர். கூடைப்பந்தைத் தொட்டது 15 வயதை ஒட்டித்தான். அந்தக் காலசைவை வைத்துக்கொண்டு 1994, 1995 ஆண்டுகளில் ஹூஸ்டன் அணிக்கு என்.பி.ஏ. கோப்பை வாங்கித் தந்தார். எனவே உங்கள் பையன்கள் கபடி ஆடினால் தடுக்காதீர்கள். பக்கவாட்டில் நகர்வது, திடீரென்று நின்று திரும்புவது எல்லாம் அங்கே தாமாகவே வந்துவிடும்.

காலசைவுப் பயிற்சிக்கு முன்னோடி அந்தக் கால அமெரிக்க சென்டர் ஜார்ஜ் மைக்கன். 6 அடி 10 அங்குலம், தடித்த கண்ணாடி, தடுமாறும் நடை. டிபால் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்தார். நடனம்கூடக் கற்க அனுப்பினார். இன்று அவர் பெயரிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது: வளையத்தின் வலப்பக்கம் வலக்கையால் போட்டு, பந்து தரையைத் தொடும் முன் பிடித்து, இடப்பக்கம் இடக்கையால் போடுவது. நிறுத்தாமல் மாறி மாறிச் செய்ய வேண்டும். பந்து எந்த நேரத்திலும் மோவாய்க்குக் கீழே இறங்கக்கூடாது. உயரமானவன் பந்தை இடுப்புக்கு இறக்கிவிட்டால் அவன் உயரம் அங்கேயே வீணாகிவிடுகிறது. குள்ளமான கார்டுகள் தட்டிப் பறித்துவிடுவார்கள்.

பாஸ் வாங்கும்போது இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் தரையில் இறங்கப் பழக்குங்கள். அப்போதுதான் எந்தக் காலையும் ஊன்றுகாலாக வைத்து இரு பக்கமும் திரும்ப முடியும். கைகளுக்கு டென்னிஸ் பந்து போதும்: சுவரில் எறிந்து ஒரு கையால் பிடிக்கட்டும். உயரமான பிள்ளைகளில் பலருக்குப் பாஸ் கைநழுவுவதற்குக் காரணம், பந்து விரல்களில் படாமல் உள்ளங்கையில் அறைவதுதான்.

14 வயது மகனுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கிறது. ஆளும் ஒல்லி. புரதப் பொடி வாங்கிக் கொடுக்கலாமா சார்? (ஒரு தாய், அரூர்)

அம்மா, முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வேகமாக வளரும் வயதில் எலும்பு முந்தி நீள்கிறது. தொடைத் தசையின் நாண் முழங்காலுக்குக் கீழே எலும்பு வளரும் இடத்தைப் பிடித்து இழுக்கிறது. ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று மருத்துவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். அதுவரை குதிப்பதைக் குறைக்க வேண்டும், அதிலும் சிமென்ட் தளத்தில். வலியோடு ஆடுவதை வீரம் என்று யாராவது பாராட்டினால் காதில் வாங்காதீர்கள். வலி இருக்கும் வாரங்களில் உட்கார்ந்தபடி பாஸ் பழகட்டும், நின்ற இடத்திலிருந்து ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் கோட்டிலிருந்து எறிவது) போடட்டும்.

பொடி வேண்டாம். பெட்டியில் எழுதாத தடைசெய்யப்பட்ட பொருள்கள் அதில் கலந்திருக்கும் ஆபத்து உண்டு. உங்கள் வீட்டில் இருக்கும் கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. களியோடு கொள்ளு, நிலக்கடலை, முட்டை, பால். காலையிலும் மாலையிலும் பயிற்சி என்றால் இரவு ஒன்பதரைக்குத் தூங்கிவிட வேண்டும். எடை மெதுவாக ஏறட்டும். வளரும் முழங்காலின் மேல் அவசரமாக எடை ஏற்றுவதால் எந்த நன்மையும் இல்லை.

இன்னொன்று. இது உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, உயரமான பிள்ளை வைத்திருக்கும் எல்லாருக்கும். கைகால்களும் விரல்களும் உடலுக்கு மிஞ்சி நீண்டிருந்தால், மார்பெலும்பு உள்வாங்கியோ துருத்தியோ இருந்தால், கண்பார்வை மிகவும் குறைவாக இருந்தால், ஒருமுறை இதய எக்கோ பரிசோதனை செய்துவிடுங்கள். மார்ஃபன் நோய் இருந்தால் இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி பலவீனமாக இருக்கும். அமெரிக்கக் கல்லூரி வீரர் ஐசையா ஆஸ்டினுக்கு 2014-இல் டிராஃப்டுக்குச் சில நாள்கள் முன்புதான் இது தெரியவந்தது. அப்போதைக்கு ஆட்டம் நின்றது, உயிர் நிலைத்தது.

தொழில்முறை அணிகள் இளம் சென்டர்களை உடனே களத்தில் இறக்காதது ஏன்? (கல்லூரி மாணவர், ஓசூர்)

உடம்பு பக்குவப்பட நாளாகும் என்பதால்தான். நிகோலா யோகிச்சை டென்வர் அணி 2014 டிராஃப்டில் 41-ஆவது ஆளாகத் தேர்வு செய்தது. ஆனால் ஓராண்டு செர்பியாவிலேயே ஆடவிட்டது. அங்கே தினமும் பந்து அவர் கையில் இருந்தது. பிறகு மூன்று முறை மிகச் சிறந்த வீரர் விருது, 2023-இல் கோப்பை. ரூடி கோபேர் 2013-இல் 27-ஆவது ஆள். முதல் ஆண்டில் யூட்டா அணி அவரைக் கீழ்நிலை லீகுக்கும் அனுப்பி ஆட வைத்தது. பின்னாளில் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை வென்றார்.

இதற்கு நேர்மாறானது டார்கோ மிலிச்சிச்சின் கதை. 2003-இல் இரண்டாவது ஆளாக டெட்ராய்ட் எடுத்தது. அது கோப்பையை வெல்லும் அணி. 18 வயதுப் பையனுக்கு ஆட இடமில்லை. பெஞ்சிலேயே வயது கரைந்தது. தாமதமாக இறக்குவது வேறு, ஆடவே விடாமல் வைத்திருப்பது வேறு. நம் மாவட்ட அணிகளிலும் இரண்டாவது வகைதான் அதிகம் நடக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம்.

காயத்திலும் இதே பொறுமை வேண்டும். செட் ஹோம்கிரன் 2022-இல் பாதத்தில் அடிபட்டு முதல் பருவம் முழுவதும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களிலும் இறங்கினார். 2007-இல் முதல் ஆளாகத் தேர்வான கிரெக் ஓடனுக்கு முழங்கால் கைகொடுக்கவில்லை. மொத்தமே 105 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது.

பிரான்ஸின் நெட்டை வீரர் விக்டர் வெம்பன்யாமா மாதிரி தூரத்திலிருந்து மூன்று புள்ளி எறியலாமா அண்ணா? (17 வயது, 6 அடி 5 அங்குலம், தேன்கனிக்கோட்டை)

எறியலாம் தம்பி, வரிசை தவறாமல். முதலில் ஃப்ரீ த்ரோ பத்துக்கு எட்டு விழட்டும். பிறகு ஓர் அடி ஓர் அடியாகப் பின்னே போ. என்.பி.ஏ. சென்டர் புரூக் லோபஸ் தன் முதல் எட்டுப் பருவங்களில் போட்டது மூன்றே மூன்று மூன்று-புள்ளிகள். ஒன்பதாவது பருவத்தில் மட்டும் 134. உனக்கு நேரம் இருக்கிறது.

எனக்கு 16 வயது, 5 அடி 11 அங்குலம். எல்லாரும் கேலி செய்வதால் கூனி நடக்கிறேன். பெண்களுக்கு இதில் எதிர்காலம் உண்டா சார்? (மாணவி, கிருஷ்ணகிரி)

உண்டு. கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் 6 அடி 2 அங்குலம். இந்திய அணியின் சென்டராக இருந்தார், ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் அணிக்கு ஆடினார், 2011-இல் அமெரிக்கப் பெண்கள் லீக் அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. தெற்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. நிமிர்ந்து நட. கூனினால் முதுகும் தோளும் கெடும். ரீபவுண்டுக்குக் கையை முழுதாகத் தூக்க முடியாது. கேலி செய்பவர்களின் பெயரை உன் ஆசிரியரிடம் சொல். அவர் கேட்காவிட்டால் வீட்டில் சொல்லி, பெற்றோரைத் தலைமையாசிரியரிடம் அழைத்துப் போ.

நம் ஊர்ப் பையன் என்.பி.ஏ. போக முடியுமா? (காவேரிப்பட்டணம்)

பஞ்சாபின் சத்னாம் சிங் 7 அடி 2 அங்குலம். 14 வயதில் அமெரிக்காவில் பயிற்சிக்குப் போனார். 2015-இல் டல்லாஸ் 52-ஆவது ஆளாகத் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்து தேர்வான முதல் ஆள் அவர். ஆனாலும் என்.பி.ஏ.வில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவன் எட்டக்கூடிய இலக்குகள் வேறு இருக்கின்றன: மாநில அரசின் விளையாட்டு விடுதி, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே போன்ற அணிகள். உயரமான ஆள்களை எல்லாரும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

என் மகன் மூன்றாவது கால்பகுதிக்குள் ஐந்து ஃபவுல் வாங்கி வெளியேறிவிடுகிறான். என்ன செய்வது? (மாரண்டஅள்ளி)

பந்தைத் தட்டிவிடும் ஆசையில் கையைக் கீழ்நோக்கி வீசுகிறான். பயிற்சியில் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்துத் தடுத்தாடச் சொல்லுங்கள். கை நிறைந்திருந்தால் பிடிக்கவோ தட்டவோ முடியாது. கைகளை நேராக மேலே வைத்து, நின்ற இடத்திலிருந்து நேர்மேலே குதிக்கட்டும். அவனுக்கு உரிய அந்த இடத்துக்குள் எதிராளி வந்து மோதினால் ஃபவுல் உங்கள் மகன் கணக்கில் சேராது. இரண்டு வாரம் இதை மட்டும் செய்யுங்கள். போட்டியில் இரண்டாவது ஃபவுல் விழுந்ததும் இடைவேளைவரை உட்கார வைத்துவிட்டு மறுபடி இறக்குங்கள்.