வெட்டப் பயப்படாதீர்கள்: ஜெரேனியம் கேள்வி-பதில்

போன கோடையில் வாங்கிய சிவப்பு ஜெரேனியம் டிசம்பரில் கூழாகிப் போனது. குளிர் தாங்கும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள்? (ஹாரோ, லண்டன்)

நான் எழுதியது அசல் ஜெரேனியம், நீங்கள் வாங்கியது வேறு செடி. ஜன்னல் தொட்டியில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கிறதே, அது பெலர்கோனியம். பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வகை, உறைபனி பட்டால் அன்றே கதை முடிந்தது. 1753-ல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டையும் ஜெரேனியம் என்றே எழுதி வைத்தார். 1789-ல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே இரண்டையும் பிரித்துவிட்டார். ஆனால் செடிக் கடைக்காரர்களின் வாய்க்குப் பழைய பெயர்தான் இன்னும் பழக்கம்.

பூவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து இதழும் ஒரே அளவில், சக்கரம் மாதிரி இருந்தால் ஜெரேனியம். மேல் இரண்டு ஒரு தினுசு, கீழ் மூன்று ஒரு தினுசு என்றால் பெலர்கோனியம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் எண்ணெய்க்காக வளர்க்கிற ‘ஜெரேனியம்’ கூடப் பெலர்கோனியம்தான். அதே நீலகிரியில் வழியோரம் சின்ன வெளிர் இளஞ்சிவப்புப் பூவோடு படர்ந்து கிடக்கும் ஜெரேனியம் நேபாளென்ஸ்தான் அசல். அதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜூன் மாதம் ஜெரேனியம் அழகாகப் பூத்தது. இப்போது நடுவில் வழுக்கை, சுற்றிலும் சாய்ந்த தண்டு, பழுத்த இலை. உரம் போடலாமா? (லெஸ்டர்)

உரம் அப்புறம், முதலில் கத்தரிக்கோல். எனக்கு வருகிற கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

முதல் வருடம் எனக்கும் மனசு வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒரு காலை தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதென்ன, முத்தின கீரை மாதிரி நிக்குது?” என்றார். நான் டீ போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் சமையலறைக் கத்தியால் மொத்தத்தையும் தரையோடு அறுத்துவிட்டார். உள்ளுக்குள் எனக்குக் கொதித்தது, வெளியே சொல்லவில்லை. பத்து நாளில் நடுக்கட்டையிலிருந்து விசிறி மடிப்பாகப் புது இலை கிளம்பியது. அரைக்கீரை எப்படி அறுக்க அறுக்கத் துளிர்க்கிறதோ, அதே கணக்கு.

அதனால் ஜான்சன்ஸ் ப்ளூ, பிராடென்ஸ், ஃபேயம் போன்ற ஜெரேனியம் வகைகள் முதல் தடவை பூத்து ஓய்ந்ததும் தரையிலிருந்து நாலைந்து சென்டிமீட்டர் விட்டு மொத்தமாக வெட்டுங்கள். ஒன்றிரண்டு தண்டை மட்டும் எடுத்து நாசூக்குப் பார்க்காதீர்கள். வெட்டிய அன்று வேரில் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒரு கை மக்கு உரம் தூவுங்கள். சில வகை மறுபடி கொஞ்சம் பூக்கும். சிலது இலை மட்டும்தான் தரும். ஆனால் அந்த இலையே இலையுதிர்காலம் வரை கண்ணுக்குக் குளிர்ச்சி.

விதிவிலக்கு மாக்ரோரைசம் என்ற வகை. அதன் இலையில் கை வைக்காமல் காய்ந்த பூத்தண்டை மட்டும் கிள்ளுங்கள்.

இலை மேல் வெள்ளைப் பொடி பூத்த மாதிரி இருக்கிறது. (ஸ்லவ்)

சாம்பல் நோய். வேர்ப்பகுதி காய்ந்த கோடையில் பிராடென்ஸுக்கு அடிக்கடி வரும். முந்தைய பதிலைப் படியுங்கள். வெட்டுங்கள், தண்ணீர் விடுங்கள்.

ரோசன் வகையில் விதை எடுக்க மூன்று வருடமாகப் பார்க்கிறேன். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. (கிராய்டன்)

கிடைக்கவே கிடைக்காது. ரோசன் மலட்டுக் கலப்பு. இமயமலையைச் சேர்ந்த ஹிமாலயென்ஸுக்கும், வாலிச்சியானம் வகை ஒன்றுக்கும் பிறந்தது. சோமர்செட்டில் டொனால்ட், ரோசன் வாட்டரர் தம்பதியின் தோட்டத்தில் தென்பட்டு, அந்த அம்மாள் பெயரிலேயே 2000-ல் விற்பனைக்கு வந்தது. 2013-ல் செல்சி மலர்க் கண்காட்சியின் நூற்றாண்டுச் செடியாகவும் தேர்வானது. விதை பிடிக்கிற வேலை இல்லாததால்தான் ஜூனில் தொடங்கி உறைபனி வரை நிறுத்தாமல் பூக்கிறது. நமக்கு அது லாபம்தானே!

வேண்டுமானால் வசந்தத்தில் குருத்து தெரியும்போது தோண்டி, துண்டுக்கு ஒரு குருத்தும் வேரும் இருக்கிற மாதிரி பிரித்து நடுங்கள். ஒன்று சொல்ல மறந்தேன். குளிர்காலத்தில் இது கைப்பிடி அளவு கட்டையாகச் சுருங்கி மறைந்துவிடும். நட்ட இடத்தில் ஒரு குச்சி குத்தி வையுங்கள். நான் ஒருமுறை அதன் தலையிலேயே மண்வெட்டியை இறக்கியிருக்கிறேன்.

ஆப்பிள் மரத்தடியில் புல்கூட வளரவில்லை. நிழல், வறட்சி, போதாததற்கு வேர் வேறு. (பர்மிங்காம்)

மாக்ரோரைசம் வையுங்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிற ஒரே ஜெரேனியம் அது. இலையைக் கசக்கினால் காரமான மூலிகை வாசனை வரும், சிலருக்குப் பிடிக்காது. தடித்த தண்டு மண்மேல் ஊர்ந்துகொண்டே போகும். ஒரு சாண் துண்டு ஒடித்துப் படுக்கப் புதைத்தாலே பிடித்துக்கொள்ளும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 45 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டால் இரண்டே வருடத்தில் களைக்கு இடம் இருக்காது. முதல் கோடையில் மட்டும் மறக்காமல் தண்ணீர் விடுங்கள். மரத்தின் வேர் செடிக்கு முன்னால் குடித்துவிடும்.

தொட்டியில் இருந்த செடி திடீரென்று வாடியது. தூக்கினால் வேரே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. (ஈஸ்ட் ஹாம்)

தொட்டியைச் செய்தித்தாளில் கவிழ்த்துப் பாருங்கள். அரிசி அளவில், பழுப்புத் தலையோடு, வெள்ளையாகச் சுருண்ட புழுக்கள் இருந்தால் அது வைன் வீவில் என்ற கூன்வண்டின் வேலை. வண்டு இரவில் இலை ஓரத்தை ரயில் டிக்கெட்டில் ஓட்டை போட்ட மாதிரி கடிக்கும். ஆனால் இலை போவது பெரிய விஷயமில்லை, மண்ணுக்குள் புழு வேரைத் தின்பதுதான் ஆளைக் கொல்வது. புழுக்களைப் பொறுக்கிப் போடுங்கள். பழைய மண்ணை வேறு தொட்டியில் போடாதீர்கள். மிச்சத் தொட்டிகளுக்கு ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில், மண்ணில் சூடு இருக்கும்போதே, நெமடோட் நுண்புழுக்களைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். நிலத்தில் இருக்கிற செடிக்கு இந்தத் தொல்லை குறைவு.

எங்கள் ஊர் பனியில் பிழைக்குமா? (ஸ்கார்பரோ, டொராண்டோ)

தாராளமாக. சாங்குயினியம், மாக்ரோரைசம் இரண்டு வகையும் உங்கள் குளிருக்கு அசையாது. குரோவேஷியாவின் பியோகோவோ மலையில் கிடைத்து அதே பெயர் பெற்ற பியோகோவோவும் நல்ல தேர்வு. மேலே விழும் பனி செடிக்குக் கம்பளிதான். ஆபத்து, தண்ணீர் தேங்கும் களிமண்ணும், பிப்ரவரியில் உருகி மறுபடி உறைகிற கூத்தும்தான். காய்ந்த இலையை இலையுதிர்காலத்தில் சுத்தம் செய்யாமல் அப்படியே விடுங்கள். ரோசன் துளிர்க்கத் தாமதமாகும். செத்துவிட்டது என்று மே மாதம் முடிவதற்குள் தீர்மானிக்காதீர்கள்.

பிராடென்ஸ் விதையைச் சேகரிக்கப் போனால் எப்போதும் காலியாகவே இருக்கிறதே? (சர்ரே)

கொக்கு மூக்கு மாதிரி நீண்ட காய் இருக்கிறதல்லவா, ஜெரேனியம் என்ற பெயரே கொக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். அது காய்ந்ததும் ஐந்து கீற்றாகப் பிளந்து, வில் மாதிரி வளைந்து, விதையைத் தூர எறிந்துவிடும். மூக்கு பழுப்பேறும்போதே காம்போடு நறுக்கிக் காகித உறையில் போட்டு மூடி வையுங்கள். என் அலமாரியில் இரண்டு நாள் டிக், டிக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விதை வேண்டாதவர்கள் பூ முடிந்ததும் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் நடைபாதை இடுக்கெல்லாம் நாற்றுதான்.

சென்னை மொட்டைமாடியில் ரோசன் வளருமா? (வேளச்சேரி)

வளராது. அந்தக் காசில் நாலு நித்தியகல்யாணி வாங்கி வையுங்கள். அதற்கும் ஐந்து இதழ்தான், வருடம் முழுக்கப் பூக்கும்.