கிறிஸ்துமஸில் நம்ம ஊருக்குச் சொந்தமானது என்ன?

கேள்வி: டிசம்பர் 25 என்ற தேதியே பைபிளில் இல்லை. கேக், மரம், ஸ்டார் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. கிறிஸ்துமஸில் தமிழர்களுக்குச் சொந்தம் என்று ஏதாவது இருக்கிறதா?

நீங்கள் கிறிஸ்துமஸைப் பெரிய நகரத்துக் கடை வாசலில்தான் பார்த்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நின்று பார்த்தால் கேக்கும் சிவப்புத் தொப்பியும்தான் கண்ணில் படும். எனக்குச் சாத்தான்குளம் பக்கம் செம்மணல் தேரிக்காட்டு ஊர் ஒன்று. 1986இல் மாவட்டத்தைப் பிரித்த பிறகு ரேஷன் கார்டில் தூத்துக்குடி மாவட்டம் என்று இருக்கிறது. வெளியூரில் யார் கேட்டாலும் இன்றும் திருநெல்வேலி என்றுதான் சொல்வோம்.

தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. இயேசு பிறந்த நாள் எது என்று சுவிசேஷங்களில் இல்லை. ரோமில் 336ஆம் ஆண்டு டிசம்பர் 25இல் கொண்டாடியதுதான் நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்பு. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6இல் கொண்டாடுகிறது. குடில் வைப்பது 1223இல் இத்தாலியில் அசிசி பிரான்சிஸ் செய்ததிலிருந்து பரவியது, மரம் ஜெர்மானியர் வழக்கம். எங்கள் கோயில் ஐயரே (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) இதையெல்லாம் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

ஆனால் பஜனையை எந்தக் கப்பலும் கொண்டுவரவில்லை. டிசம்பர் பிறந்தால் விடியற்காலை மூன்றரைக்கு டோலக்கும் தாளமுமாகக் கிளம்பி, பனியில் தெருத்தெருவாகப் பாடிக்கொண்டு போவோம். வெள்ளைக்காரர் பாட்டை மொழிபெயர்த்தது பாமாலை, ராகம் தாளத்தோடு நம்மவர்கள் கட்டியது கீர்த்தனை. பஜனைக்குக் கீர்த்தனைதான் எடுபடும். அதில் பெரிய கை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூருக்குப் போனவர். இருநூறு வருஷமாக அவர் பாட்டு இந்தத் தெருக்களில் நடக்கிறது.

மார்கழி பஜனை இந்துக்களுடையது, நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள் என்று யாராவது கீழே எழுதுவார்கள். எங்கள் பாட்டன் பூட்டன் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தபோது தாளத்தை ஊர் எல்லையில் போட்டுவிட்டு வரவில்லை. அவர்களுக்கும் அது சொந்தம்தானே? கிறிஸ்துமஸே கூடாது என்னும் சபைக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

பாடுகிற வீட்டில் கருப்பட்டிக் காப்பி கொடுப்பார்கள், கூடவே முந்திரிக்கொத்து. பேர்தான் முந்திரி, முந்திரிப்பருப்பு கிடையாது. சிறுபயறை வறுத்துத் திரித்து, தேங்காயும் ஏலமும் சேர்த்து, சூடு ஆறுமுன் கருப்பட்டிப் பாகில் உருட்ட வேண்டும். உள்ளங்கை சிவந்துவிடும். அப்புறம் மஞ்சள் சேர்த்த அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் போட்டால், ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கொத்தாக வரும். கொடிமுந்திரிக் குலை மாதிரி இருக்கும், அதனால்தான் அந்தப் பேர் என்பாள் ஆச்சி.

2023 டிசம்பரை மட்டும் சொல்லிவிடுகிறேன். 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் ஊர்க் குளத்துக் கரை உடைந்து கீழத்தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நான் சென்னையில் இருந்தேன், மூன்று நாள் அம்மாவிடம் பேச முடியவில்லை. ரயில் இல்லை. ஊருக்குப் போக தனியார் பஸ்ஸில் கேட்டால் வழக்கமான கட்டணத்தைப் போல மூன்று மடங்கு. வீடு என்ன ஆனதென்று தெரியாமல் நிற்கிறவனிடம் பண்டிகை ரேட் என்கிறார்கள்! பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இதே கதைதான். முன்பதிவு திறந்த சில நிமிஷத்தில் ரயிலில் காத்திருப்போர் பட்டியல், பிறகு இவர்கள் வைத்ததே விலை. தெற்கத்தி ஆட்கள் வருஷா வருஷம் இப்படி அழுகிறோம், கேட்பார் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தேன். அந்த வருஷம் சீரியல் செட் வேண்டாம், வெடி வேண்டாம் என்று சபையில் முடிவு செய்தார்கள். பஜனையும் நின்றுபோயிருந்தது. 24ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஏழெட்டுப் பேர் மட்டும் கிளம்பினோம். டோலக்கின் தோல் நனைந்து தொய்ந்து கிடந்தது, தட்டினால் பொத்தென்று கேட்டது. அதை வைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கீழத்தெருக் கடைசி வீட்டில் பின்சுவர் விழுந்திருந்தது. பாயும் துணியும் கட்டில்மேல் குவிந்து கிடக்க, வாசல் படியில் எண்பது வயது ஆச்சி ஒருத்தி. வெறும் வாயோடு எங்களை அனுப்ப மனமில்லாமல் பரணிலிருந்து ஓலைப்பெட்டியை இறக்கச் சொன்னாள். சித்திரையில் காய்ச்சி டிசம்பருக்கென்று வைத்த கருப்பட்டி, ஈரத்தில் இளகிப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டித்தான் காப்பி போட்டார்கள். ஓலை வாசனையோடு இருந்தது.

ஒரு கீர்த்தனை பாடிவிட்டு, அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று நகர்ந்தோம். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏல, எப்பமும் ரெண்டு பாட்டு படிப்பிய. இப்பம் என்ன ஒண்ணோட போறிய?"

திரும்பி வந்து, இரண்டாவதைப் பாடி முடித்த பிறகுதான் அடுத்த வீட்டுக்குப் போனோம்.