எட்கர் ஆலன் போ குடித்தே செத்தாரா?

கேள்வி: 'தி ரேவன்' கவிதை எழுதிய அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ ஒரு மொடாக்குடியர், கிறுக்கர், குடித்தே செத்தார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: குடித்தார், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் இன்றைக்கும் நம் காதில் விழும் கதைகளில் பெரும்பகுதி போவுக்குப் பகைவரான ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் என்ற பத்திரிகை ஆசிரியர் ஒருவரே கிளப்பிவிட்டது. 1849 அக்டோபர் 7 அன்று போ இறந்தார். மறுநாள் அடக்கம். அதற்கும் மறுநாளே நியூயார்க் டிரிப்யூன் பத்திரிகையில் 'லுட்விக்' என்ற புனைபெயரில், இவர் சாவுக்கு வருந்துகிறவர்கள் சிலர்தான் இருப்பார்கள் என்று கிரிஸ்வோல்ட் எழுதினார். அதோடு விட்டாரா? போவின் படைப்புகளைத் தொகுக்கும் பொறுப்பும் அவர் கைக்கே போய், கூடவே ஒரு வாழ்க்கைக் குறிப்பையும் எழுதி, அதில் போவின் கடிதங்களைத் திருத்தி, இல்லாத வரிகளைச் சேர்த்து அச்சடித்துவிட்டார். மூலக் கடிதங்களோடு ஒப்பிட்டு அந்த மோசடியை ஆர்தர் ஹாப்சன் குவின் என்ற ஆய்வாளர் முழுசாக அம்பலப்படுத்தியது 1941-ல். 90 வருஷம்! செத்த மனிதன் எழுந்து வந்து பதில் சொல்ல முடியாது என்கிற தைரியத்தில் செய்த காரியம் இது, படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: அப்படியென்றால் குடிக்கும் அளவுக்கு அவருக்கு என்ன கஷ்டம்?

பதில்: 1809-ல் பாஸ்டனில் நாடக நடிகர்களுக்குப் பிறந்தார். அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மா ரிச்மண்டில் இறந்தபோது பிள்ளைக்கு மூன்று வயதுகூட ஆகவில்லை. ஜான் ஆலன் என்ற வியாபாரி எடுத்து வளர்த்தார், ஆனால் சட்டப்படி தத்து எடுக்கவே இல்லை. கல்லூரியில் சூதாட்டக் கடன், அதனால் சண்டை, கடைசியில் ஆலன் தன் உயிலில் ஒரு காசுகூட எழுதி வைக்கவில்லை.

அப்புறம் எழுத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கப் பார்த்தார். அன்றைய அமெரிக்காவில் வெளிநாட்டு நூல்களுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு கிடையாது, அந்தச் சட்டமே 1891-ல்தான் வந்தது. இங்கிலாந்துக்காரர் நாவலைச் சும்மா எடுத்து அச்சடிக்கலாம் என்று இருக்கும்போது உள்ளூர் எழுத்தாளனுக்கு எந்தப் பதிப்பாளர் நல்ல விலை கொடுப்பார்? 'தி ரேவன்' 1845-ல் வெளிவந்து பெயர் ஊரெல்லாம் பரவிய பிறகும் அவர் வீட்டில் வறுமைதான்.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி மனைவி வர்ஜீனியா. 1842 ஜனவரியில் ஒருநாள் பாடிக்கொண்டிருந்தவருக்கு வாயில் ரத்தம் வந்தது. காசநோய். ஐந்து வருஷம், தேறுவதும் மறுபடி விழுவதுமாக. கடைசி நாட்களில் நியூயார்க் பக்கம் ஃபோர்டாமில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் பார்க்கப்போன ஒரு பெண்மணி எழுதி வைத்திருக்கிறார்: வைக்கோல் படுக்கை, குளிருக்குப் போர்த்திக்கொள்ளக் கணவரின் கோட்டு, கதகதப்புக்காக நெஞ்சின் மேல் ஒரு பூனை. 1847 ஜனவரி 30-ல் வர்ஜீனியா இறந்தபோது வயது 24. பிழைப்பாளா மாட்டாளா என்ற அந்த ஊசலாட்டம்தான் தன்னைப் பித்தாக்கியது, பித்தால் குடித்தேன், பகைவர்கள் அதையே தலைகீழாகச் சொல்கிறார்கள் என்று 1848-ல் போவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். நான் அவரைத்தான் நம்புகிறேன்.

கேள்வி: சரி, எப்படித்தான் இறந்தார்?

பதில்: 1849 அக்டோபர் 3 அன்று பால்டிமோரில், தேர்தல் நாளில், வாக்குச்சாவடியாக இருந்த ஒரு மதுக்கடையில் நினைவு தடுமாறிக் கிடந்தார், உடம்பில் இருந்தது வேறு யாருடையவோ அழுக்குச் சட்டை. நாலு நாள் ஆஸ்பத்திரியில் பிதற்றிவிட்டு இறந்தார். வயது 40. காரணம் இன்றுவரை உறுதியாகவில்லை.

கேள்வி: முதலில் எதைப் படிக்கலாம்?

பதில்: 'அன்னபெல் லீ'. சின்னக் கவிதை, இறந்துபோன இளம் மனைவியைப் பற்றியது. கிரிஸ்வோல்ட் வசைபாடினாரே, அந்த இரங்கல் கட்டுரைக்குள்ளேயேதான் இதுவும் அச்சானது.