தொட்டியில் வைத்த தும்பை பூத்து முடித்ததும் காய்ந்துபோவது ஏன்?

வெளியிலிருந்து வேரோடு எடுத்து வந்து தொட்டியில் வைத்த தும்பைச் செடி நன்றாகப் பூத்துக்கொண்டிருந்துவிட்டு, தண்ணீர் தவறாமல் ஊற்றியும் இலை பழுத்துக் காய்ந்துவிட்டது, கவனிப்பில் என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். குறை எதுவும் இல்லை. தும்பை ஒருபருவச் செடி. மழை ஈரத்தில் முளைத்து, பூத்து, விதை முற்றியதும் காய்ந்துவிடுவதே அதன் இயல்பு. செம்பருத்தியையும் மல்லிகையையும் போல ஒரே செடியை ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் ஒவ்வொரு முறையும் ஏமாற்றமே மிஞ்சும். இதில் நாம் காப்பாற்ற வேண்டியது விதையையும் அது உதிர்ந்து கிடக்கும் மண்ணையும்தான்.

ஆகவே, காய்ந்த செடியைப் பிடுங்கி எறியாமல் இருந்தால் நல்லது. தும்பையின் பூக்கள் தண்டின் கணுக்களிலும் நுனியிலும் உருண்டைக் கொத்துகளாக அமைந்திருக்கும். வெள்ளை இதழ்கள் உதிர்ந்த பிறகும், அவற்றைத் தாங்கியிருந்த புல்லிவட்டம் வரிவரியாகக் கோடுகள் ஓடிய சிறு குழலாக அப்படியே நிற்கும். அந்தக் குழல்கள் பழுப்பேறியதும் ஒரு கொத்தைக் கிள்ளி, வெள்ளைத் தாளின் மேல் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்தில், வழவழப்பான கரும்பழுப்பு விதைகள் உதிரும். ஒரு பூவில் அதிகபட்சம் நான்கு விதைகள்தான். பல குழல்கள் வெறுமையாக இருப்பதைப் பார்த்துப் பலர் விதையே பிடிக்கவில்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்; பெரும்பாலும் அவை நாம் பார்ப்பதற்கு முன்பே காற்றில் ஆடிக் கொட்டியிருக்கும், கொட்டிய இடம் உங்கள் தொட்டி மண்ணாகவே இருக்கும்.

சேகரித்த விதையைச் சில வாரங்கள் நிழலில் உலரவிட்டு, தாள் உறையில் வைத்திருந்து, மழைக்காலத் தொடக்கத்தில் விதைக்கலாம். குழி தோண்டிப் புதைக்க வேண்டாம். மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் அழுத்தி, மேலே விரலிடுக்கில் எடுத்த மணலைத் தூவிவிட்டால் போதும். எல்லா விதையும் ஒரே நேரத்தில் முளைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காட்டுச் செடிகளின் விதைகள் முன்னும் பின்னுமாகத்தான் கண் திறக்கும். ஒரு மழை பொய்த்தாலும் இனம் அழியாமல் இருப்பதற்கு அதுவே காப்பு என்பதால் இதைக் குறையாகக் கொள்ளக் கூடாது.

வளர்ந்த செடியைப் பெயர்த்து வருவதை நான் பரிந்துரைப்பதில்லை. பூத்த நிலையில் கொண்டுவரும் செடி வேர் பிடிப்பதற்குள் அதன் ஆயுளில் பாதி கழிந்திருக்கும். விதை கிடைக்காவிட்டால், நான்கைந்து இலை விட்ட நாற்றை மழை பெய்து ஓய்ந்த மாலையில் தாய்மண்ணோடு அகழ்ந்து எடுத்து வந்து நட்டு, இரண்டு மூன்று நாட்கள் நிழலில் வைத்திருந்து பிறகு வெயிலுக்கு மாற்றுங்கள். நாற்று எடுக்கும்போது, பெயரில் மட்டும் உறவு கொண்டாடும் கவிழ்தும்பையை எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பூ வெளிர்நீலமாகத் தலைகவிழ்ந்து தொங்கும். அது வேறு குடும்பத்துச் செடி.

மண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரணத் தோட்ட மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்து, அடியில் நீர் வடியும் துளை இருந்தால் போதும். உரத்தில்தான் கை கட்டுப்பட வேண்டும்: தழைச்சத்து மிகுந்தால் செடி பச்சைப்பசேல் என்று நெடுநெடுவென உயர்ந்து, பூவில் கஞ்சத்தனம் காட்டும். நேரடி வெயில் நாளில் ஆறு மணி நேரமாவது விழும் இடம் அவசியம். மேல்மண் உலர்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும்.

செடி ஒரு சாண் உயரம் வருவதற்குள் நுனியைக் கிள்ளிவிடுவது நல்ல பலன் தரும். தும்பையின் இலைகள் எதிரெதிராக இணை இணையாக அமைந்தவை என்பதால், நுனி போனதும் கீழ்க்கணுவின் இரண்டு பக்கத்திலிருந்தும் கிளைகள் புறப்பட்டு, ஒற்றைக் குச்சியாக நின்ற செடி புதராக அடர்கிறது. கிளை கூடினால் பூங்கொத்தும் கூடும். பூத்த பிறகு சில நிமிடங்கள் அருகில் உட்கார்ந்து பாருங்கள். அகன்ற கீழுதடு தேனீ வந்து இறங்குவதற்கான திண்ணை. பஞ்சுபோல் மயிர் அடர்ந்த மேலுதட்டின் கீழ் நான்கு மகரந்தத் தாள்கள் ஒளிந்திருக்கின்றன. தேனுக்காகத் தலையை நுழைக்கும் தேனீயின் தலையிலும் முதுகிலும் மகரந்தம் தடவப்பட்டு, அடுத்த பூவுக்குப் போகிறது. மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தேனீக்கள் வந்துபோன பிறகு, மாலையில், பூவில் படாமல் தெளிக்கலாம்.

வாடிய கொத்துகளை வெட்டிக்கொண்டே வந்தால் பூக்கும் காலம் ஓரளவு நீளும். ஆனால் எல்லாவற்றையும் வெட்டினால் விதைக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதால், இரண்டு மூன்று கிளைகளையாவது முற்ற விடுங்கள். செடி முழுவதும் காய்ந்ததும் அதைத் தொட்டியின் மேலேயே உலுக்கிவிட்டு அகற்றுங்கள். அந்த மண்ணை வேறு செடிக்கு எடுக்காமலும், ஆழமாகக் கிளறாமலும், அடுத்த மழைவரை வெறுமனே விட்டுவையுங்கள்.

பிறகு முளைத்து வருபவற்றில் எது தும்பை, எது களை என்ற குழப்பம் கட்டாயம் வரும். அவசரப்பட்டுப் பிடுங்காமல் விரல் நீளம் வளரும்வரை காத்திருந்து, தண்டை விரல்களுக்கிடையில் உருட்டிப் பாருங்கள்: தும்பையின் தண்டு நான்கு பட்டையாக, சொரசொரப்பாக இருக்கும், ஒரு கணுவின் இலை இணைக்குக் குறுக்காக அடுத்த கணுவின் இணை அமைந்திருக்கும், குறுகிய இலையைக் கசக்கினால் காரமான பச்சை வாசனை எழும். இந்த மூன்றும் பொருந்தினால் அதை விட்டுவைத்து மற்றவற்றைக் களையலாம். நெருக்கமாக முளைத்திருந்தால் ஒரு தொட்டிக்கு மூன்று நாற்றுக்கு மேல் நிறுத்தாதீர்கள்.