நியூ ஹாம்ப்ஷயர்ல ஜெயிச்சா பிரசிடெண்ட் ஆயிடலாமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கம் அண்ணா,

நியூஜெர்சியிலேர்ந்து எழுதறேன். போன வருஷம்தான் சிட்டிசன்ஷிப் கிடைச்சுது. கூட வேலை பாக்குற ஒருத்தர், நியூ ஹாம்ப்ஷயர்ல பொறந்து வளர்ந்தவர், லஞ்ச் நேரத்துல அடிச்சு சொல்றார், எங்க ஸ்டேட் ப்ரைமரில எவன் ஜெயிக்கிறானோ அவன்தான் பிரசிடெண்ட், 1952லேர்ந்து ரெக்கார்டை எடுத்துப் பாருன்னு. தேடிப் பாத்தா 1988 வரைக்கும் அப்படித்தான் இருக்கு. ஒரு ப்ரொஃபசர் ப்ரைமரிய வச்சு மாடலே போட்டிருக்காராம். அப்ப 2028ல ஆரம்பத்துலயே முடிவு தெரிஞ்சுடுமா? எங்க ஸ்டேட்ல ப்ரைமரி ஜூன்லதான், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்ங்கிறாங்க. நான் போய் ஓட்டு போட்டு என்ன ஆகப்போவுது?

ஆர்., நியூஜெர்சி

அன்புள்ள தம்பிக்கு,

முதல்ல வாழ்த்துகள். உங்க கடைசிக் கேள்விதான் எனக்கு மனசுல நின்னுச்சு, ஆனா அதுக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க நண்பர் சொன்ன கணக்க கொஞ்சம் பிரிச்சுப் பாத்துடுவோம். மத்த வாசகர்களுக்காக ஒரு வரி: அங்க கட்சி வேட்பாளர் யாருன்னு தலைமை உக்காந்து அறிவிக்கிறதில்ல, ஒவ்வொரு ஸ்டேட்லயும் ஜனங்க ஓட்டு போட்டு முடிவு பண்றாங்க, அதுதான் ப்ரைமரி. டெமாக்ராட், ரிபப்ளிகன்னு ரெண்டு கட்சி வேட்பாளரும் மோதுற நிஜ எலக்‌ஷன் நவம்பர்லதான். அயோவா மாதிரி ஊர்ல அதையே கூட்டம் போட்டு பண்ணா காக்கஸ். ரொம்ப காலமா அயோவாவும் நியூ ஹாம்ப்ஷயரும்தான் முதல் ரெண்டு.

1952லேர்ந்து 1988 வரைக்கும் பிரசிடெண்டா ஜெயிச்ச எல்லாரும் அவங்கவங்க கட்சியோட நியூ ஹாம்ப்ஷயர் ப்ரைமரில ஜெயிச்சவங்கதான், அதுல பொய் இல்ல. ஆனா இத யாரும் திருப்பிப் போட்டுப் பாக்குறதில்ல. ப்ரைமரி ரெண்டு கட்சிக்கும் நடக்குது, அப்ப ஜெயிக்கிறதும் ரெண்டு பேர். 1960ல கென்னடியும் அங்க ஜெயிச்சார் நிக்சனும் ஜெயிச்சார், 1976ல கார்ட்டரும் ஃபோர்டும், 1988ல அப்பா புஷ்ஷும் டுகாகிஸும். நவம்பர்ல தோத்தவரும் அதே ப்ரைமரில ஜெயிச்சுட்டுதான வந்தார், அப்புறம் இது எதைக் கணிச்சுது? 1964ல அங்க ரிபப்ளிகன் ப்ரைமரில ஜெயிச்சது ஹென்றி கேபட் லாட்ஜ், மனுஷன் அப்ப சைகோன்ல அம்பாசிடரா உக்காந்திருந்தார், பேலட்ல பேர் கூட கிடையாது, ஜனங்க கையால எழுதிப் போட்டு ஜெயிக்க வச்சாங்க, கடைசில வேட்பாளர் ஆனது கோல்ட்வாட்டர். 1984ல கேரி ஹார்ட், 1996ல பேட் பியூகேனன், ரெண்டு பேருமே அங்க ஜெயிச்சும் கட்சி வேட்பாளரா கூட ஆகல.

1992லேர்ந்து அந்த ரெக்கார்டும் போச்சு. பில் கிளிண்டன் அங்க பால் சாங்கஸ்கிட்ட தோத்தார், மகன் புஷ் 2000ல மெக்கெய்ன்கிட்ட நல்லா அடி வாங்கினார், ஒபாமா 2008ல ஹிலாரிகிட்ட தோத்தார், பைடன் 2020ல அஞ்சாவது இடம். நாலு பேரும் வெள்ளை மாளிகைக்குப் போனாங்க. 1992லேர்ந்து புதுசா பிரசிடெண்ட் ஆன அஞ்சு பேர்ல முதல் தடவையே நியூ ஹாம்ப்ஷயர்ல ஜெயிச்சு வந்தது ட்ரம்ப் மட்டும்தான்.

சரி, அந்த ட்ரம்பையே எடுத்துக்கங்க, எனக்கு இதுதான் இருக்கறதுலயே பெரிய ஆதாரமா படுது. 2016, 2020, 2024 மூணு தடவையும் நியூ ஹாம்ப்ஷயர் ப்ரைமரில அவர்தான் முதல், மூணு தடவையும் நவம்பர்ல அதே நியூ ஹாம்ப்ஷயர்ல தோத்திருக்கார். 2016ல மூவாயிரத்துக்கும் குறைஞ்ச ஓட்டுல, ஆனாலும் தோல்விதான். அப்படியே அயோவாவுக்கு வாங்க, 2016 காக்கஸ்ல டெட் க்ரூஸ்கிட்ட தோத்தார், அதே வருஷம் நவம்பர்ல அதே அயோவாவ சுலபமா எடுத்தார். அதாவது அந்தந்த ஸ்டேட்டோட நவம்பர் முடிவையே அந்தந்த ஸ்டேட்டோட ப்ரைமரியால சொல்ல முடியல, நாட்டு முடிவ எங்க சொல்றது!

காரணம் ஒண்ணும் மர்மம் இல்ல, ஓட்டு போடற ஆளுங்களே வேற. காக்கஸ்ங்கிறது ஜனவரி குளிர்ல ராத்திரி ஏழு மணிக்கு ஒரு ஸ்கூல் ஜிம்லயோ சர்ச்லயோ போய் உக்காரணும். டெமாக்ராட் கட்சில 2020 வரைக்கும் ஒரு மூலைல ஒரு வேட்பாளர் ஆளுங்க, இன்னொரு மூலைல இன்னொருத்தர் ஆளுங்கன்னு பிரிஞ்சு நின்னு தலைய எண்ணுவாங்க, பெரும்பாலான இடத்துல பதினஞ்சு சதவீதம் தேறாத குரூப்பு கலைஞ்சு வேற மூலைக்குப் போவணும். நைட் ஷிஃப்ட் போறவங்க, கைக்குழந்தை வச்சிருக்கவங்க, வயசானவங்க இதுக்கு எப்படி வருவாங்க? 2020ல அந்த டெமாக்ராட் காக்கஸுக்கு வந்தது ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் பேர் சுமார், அதே வருஷம் நவம்பர்ல நாடு முழுக்க விழுந்த ஓட்டு பதினஞ்சு கோடிக்கும் மேல. நியூ ஹாம்ப்ஷயர்ல டிக்ஸ்வில் நாட்ச்னு ஒரு குட்டி ஊர், அங்க ராத்திரி பன்னெண்டு மணிக்கே ஓட்டு போட்டு உடனே எண்ணிடுவாங்க, டிவி கேமராவெல்லாம் வந்து நிக்கும். 2024ல மொத்தம் ஆறு ஓட்டு, ஆறும் ட்ரம்ப எதிர்த்து நின்ன நிக்கி ஹேலிக்கு. விடிஞ்சு மத்த ஊரெல்லாம் போட்டு முடிச்சப்ப ட்ரம்ப் பத்து பாயிண்டுக்கு மேல முன்னாடி இருந்தார்.

அப்ப ஆரம்ப வெற்றிக்கு மதிப்பே இல்லையான்னா, இருக்கு, ஆனா அது கட்சிக்குள்ள நடக்குற சண்டைக்கு. யார்கிட்ட காசு வரும், யாருக்கு நின்னு போவும், எந்த வேட்பாளர் ஊருக்குத் திரும்பிடுவார்னு முடிவு பண்றது அதுதான். 2008 ஜனவரி 3ந்தேதி ஒபாமா அயோவால ஜெயிச்சார், அப்ப தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல வெள்ளைக்காரங்க இருந்த ஸ்டேட். அதுவரைக்கும் சவுத் கரோலினால நிறைய கறுப்பின மக்கள் நம்ம ஆளு ஜெயிப்பாரான்னு தயங்கி ஹிலாரி பக்கம் இருந்தாங்க, அயோவா முடிவு வந்ததும் அந்தத் தயக்கம் உடைஞ்சுது, ஜனவரி 26ந்தேதி அங்க ஹிலாரிய மாதிரி ரெண்டு மடங்கு ஓட்டு வாங்கினார். 2020ல இதே சவுத் கரோலினா தலைகீழா வேலை செஞ்சுது: அயோவால நாலாவது, நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவதுன்னு முடிஞ்சு போனவரா எழுதப்பட்ட பைடனுக்கு அந்த ஸ்டேட்டோட செல்வாக்கான கறுப்பின காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் கிளைபர்ன் ஆதரவு குடுத்தார், பிப்ரவரி 29ந்தேதி கிட்டத்தட்ட பாதி ஓட்டு பைடனுக்கு, மறுநாள் போட்டில இருந்த புட்டிஜெஜ் விலகினார், அதுக்கு மறுநாள் க்ளோபுச்சார், செவ்வாய்க்கிழமை ஒரே நாள்ல ஓட்டு நடந்த பதினாலு ஸ்டேட்ல பத்து பைடன் கைல. நாலே நாள்ல ஆட்டம் மாறிடுச்சு. இதெல்லாம் நாமினேஷன், அதாவது கட்சி வேட்பாளர் வாய்ப்பு, யாருக்குங்கிறதுக்கான கதை, நவம்பருக்கு இல்ல.

இன்னொண்ணு, சில சமயம் ஜெயிச்சவர விட எதிர்பார்த்ததுக்கு மேல வாங்கினவருக்குத்தான் பேரு. 1968ல பதவில இருந்த ஜான்சன்தான் நியூ ஹாம்ப்ஷயர்ல முதல், ஆனா வியட்நாம் போரை எதிர்த்து நின்ன யூஜீன் மெக்கார்த்தி 42 சதவீதம் வாங்கிட்டார், அது மார்ச் 12, ஜான்சன் மார்ச் 31ந்தேதி டிவில வந்து நான் நிக்கலன்னு சொல்லிட்டார். ஜெயிச்சவர் வீட்டுக்குப் போனார்!

இதுக்குள்ளதான் உருப்படியா ஒரு சிக்னல் இருக்கு. பதவில இருக்கிற பிரசிடெண்டுக்கே சொந்தக் கட்சிக்குள்ள பலமான எதிர்ப்பு வந்தா, அவர் ப்ரைமரில ஜெயிச்சாலும் நவம்பர்ல தடுமாறுறார். 1976ல ஃபோர்ட் ரீகன நியூ ஹாம்ப்ஷயர்ல ஆயிரத்து சொச்சம் ஓட்டுல தாண்டினார், நவம்பர்ல தோல்வி. 1980ல கார்ட்டர் எட்வர்ட் கென்னடிய அயோவாலயும் ஜெயிச்சார் நியூ ஹாம்ப்ஷயர்லயும் ஜெயிச்சார், ரீகன்கிட்ட 44 ஸ்டேட்ட விட்டார். 1992ல அப்பா புஷ் பியூகேனன ஜெயிச்சார், ஆனா பியூகேனன் 37 சதவீதம் எடுத்துட்டார், நவம்பர்ல புஷ்ஷும் காலி. மூணு பேரும் ஆரம்பத்துல ஜெயிச்சவங்கங்கிறத கவனிங்க. அங்க பாக்க வேண்டியது எத்தனை பேர் எதிர்த்தாங்கங்கிறதத்தான். அந்த எதிர்ப்பால தோத்தாங்கன்னும் சொல்ல மாட்டேன், பொருளாதாரம் கெட்டுப்போய் ஜனங்க கடுப்பா இருந்தாங்க, அது முதல்ல கட்சிக்குள்ள தெரிஞ்சுது, அப்புறம் நாட்டுல தெரிஞ்சுது, அவ்வளவுதான்.

நீங்க சொன்ன ப்ரொஃபசர் ஹெல்முட் நார்போத்தா இருக்கணும், ஸ்டோனி ப்ரூக் யுனிவர்சிட்டி. 2016ல ட்ரம்ப் ஜெயிப்பார்னு ரொம்ப பேர் நம்பாதப்பவே அவர் மாடல் சொல்லிச்சு, அதுலதான் பேர் வந்துச்சு. 2020ல அதே மாடல், ட்ரம்ப் சொந்தக் கட்சி ப்ரைமரில தனிக்காட்டு ராஜா, எதிர்ல பைடன் நியூ ஹாம்ப்ஷயர்ல அஞ்சாவது, அதனால ட்ரம்புக்கு 91 சதவீத வாய்ப்பு, 362 எலக்டோரல் ஓட்டுன்னு (ஸ்டேட் வாரியா எண்ணி பிரசிடெண்ட முடிவு பண்ற ஓட்டு) போட்டுச்சு. வந்தது 232. நடுவுல கோவிட் வந்து நாடே முடங்கிச்சு, பிப்ரவரில நடந்த ஓட்டுக்கு அது எப்படித் தெரியும்? உழைச்சு செஞ்ச வேலை அது, நான் குறை சொல்லல, ஆனா நாலு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குற எலக்‌ஷன்ல கையில இருக்கிற உதாரணமே கொஞ்சம், அத வச்சு 91ன்னு அடிச்சு சொல்லக்கூடாதுங்கிறது என் எண்ணம்.

2024 இன்னும் மோசம். டெமாக்ராட் கட்சி சவுத் கரோலினாவ முதல்ல வச்சுது, நியூ ஹாம்ப்ஷயர் எங்க ஸ்டேட் சட்டப்படி நாங்கதான் முதல்னு ஜனவரி 23ந்தேதியே நடத்திட்டாங்க, பேலட்ல பேர் இல்லாமலே எழுதிப் போட்ட ஓட்டுல பைடன் ஜெயிச்சார், சவுத் கரோலினாலயும் ஜெயிச்சார், ஜூலை 21ந்தேதி விலகிட்டார். வேட்பாளரா வந்தது கமலா ஹாரிஸ். நம்ம துளசேந்திரபுரத்துல பூஜையெல்லாம் போட்டாங்களே, அவங்க பிரசிடெண்ட் பதவிக்கு ஒரு ப்ரைமரில கூட ஜெயிச்சதில்ல, 2019 டிசம்பர்லயே, முதல் ஓட்டு விழறதுக்கு முன்னாடியே விலகினவங்க. ஆரம்பத்துல ஜெயிச்சவர் நவம்பர் பேலட்லயே இல்ல, ஒரு ப்ரைமரியும் ஜெயிக்காதவங்க பேர் இருந்துச்சு.

2028க்கு வருவோம். ட்ரம்ப் ரெண்டு தடவை ஜெயிச்சுட்டார், அரசியல் சட்டப்படி மறுபடி நிக்க முடியாது. பதவில இருக்கிறவரே நிக்கலன்னா நான் சொன்ன அந்த ஒரு சிக்னலும் கிடையாது. அதே மாதிரி ரெண்டு பக்கமும் திறந்து கிடந்த 2008ல நியூ ஹாம்ப்ஷயர்ல ஜெயிச்சது மெக்கெய்னும் ஹிலாரியும், ரெண்டு பேருமே பிரசிடெண்ட் ஆகல. உங்க நண்பர்கிட்ட மறுபடி பேச்சு வந்தா இதச் சொல்லுங்க.

உங்க ஓட்டு விஷயம். ஜூனுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது, 2008ல ஒபாமாவுக்கு வேட்பாளர் ஆகத் தேவையான டெலிகேட் (கட்சி மாநாட்டுல ஓட்டு போடற பிரதிநிதி) கணக்கு நிறைஞ்சது ஜூன் 3ந்தேதிதான். அப்படியே முடிஞ்சிருந்தாலும் அந்த பேலட்ல பிரசிடெண்ட் பேர் மட்டுமா இருக்கு? காங்கிரஸுக்கு யாரு, கவுண்டிக்கு யாரு, உங்க டவுன்ஷிப்புக்கு யாருன்னு அதுலதான் வருது, உங்க ப்ராப்பர்ட்டி டாக்ஸையும் பிள்ளைங்க நடந்து போற ரோட்டையும் பாத்துக்கிறவங்க அவங்கதான். உங்க ஸ்டேட்ல ரொம்ப வருஷமா கட்சி ஆதரிச்ச ஆளுங்கள எல்லாம் ஒரே வரிசைல பளிச்சுன்னு போட்டு, மத்தவங்க பேர ஓரமா சிதறடிச்சு வப்பாங்க. 2024ல செனட்டுக்கு நின்ன ஆண்டி கிம் கோர்ட்டுக்குப் போய் டெமாக்ராட் ப்ரைமரில அத நிறுத்தினார், இப்ப ஒவ்வொரு பதவிக்கும் நிக்கிறவங்கள ஒரே கட்டத்துல சேத்துப் போடறாங்க. யார் யார் நிக்கிறாங்கன்னு ஓட்டு போடறவருக்கு நேரா தெரியற மாதிரி ஆனதே இப்பதான். எந்தக் கட்சி ப்ரைமரில போடணும்னு முன்னாடியே யோசிச்சு வச்சுக்கங்க, ரிஜிஸ்ட்ரேஷன் சரியா இருக்கான்னு ஏப்ரல் மாசமே ஒரு தடவை பாத்துடுங்க, ஜூன்ல போய் போட்டுட்டு வாங்க.

அன்புடன்