துடுப்புக்கு ஒரு படகு, எப்போதாவது ஒரு பாய்

கேள்வி: வயது 58. வாரம் மூன்று நாள் காலையில் துடுப்பு வலிக்க ஒரு சிறிய டிங்கி வாங்க நினைக்கிறேன். பெரும்பாலும் தனியாகத்தான் போவேன், சில நாள் மனைவியும் வருவார். காற்று நன்றாக வீசும் நாளில் பாய் கட்டிப் பார்க்கவும் ஆசை. ஆனால் வருடா வருடம் சுரண்டி, வர்ணம் பூசி, வார்னிஷ் அடிக்க என்னால் ஆகாது. எப்படிப்பட்ட படகைத் தேடலாம்?

பதில்: நல்ல துடுப்புப் படகில் சுமாராகப் பாய் ஓட்டலாம். நல்ல பாய்ப்படகில் துடுப்பு வலிப்பதோ தண்டனை. பாய்ப்படகு காற்றில் கவிழாமல் நிற்க வேண்டும் என்பதால் அதை அகலமாகவும், பின்பக்கம் தட்டையாகவும் செய்திருப்பார்கள். அந்தப் பின்பலகை நீரில் அமிழ்ந்தபடி சுழலை இழுத்துக்கொண்டே வரும். லேசர் போன்ற பந்தயப் படகுகளில் துடுப்பு மாட்டவே வசதி கிடையாது. வாரம் மூன்று நாள் வலிக்கப்போகிறீர்கள், பாய் எப்போதாவதுதான். ஆகவே துடுப்புப் படகாகவே பார்த்து வாங்குங்கள். பாய் விருந்தாளி மாதிரி வந்து போகட்டும்.

பலரும் முதலில் கை வைப்பது 2.4 மீட்டர் படகில்தான். தூக்க எளிது, வைக்க இடம் குறைவு. ஆனால் அது தனி ஆளுக்கான படகு. மனைவி பின்னிருக்கையில் உட்கார்ந்ததும் பின்பக்கம் தாழ்ந்து, அணியம் (முன்முனை) வானத்தைப் பார்க்கும். நீங்கள் போடும் பலத்தில் பாதி வீண். இன்னொன்று, நீர்மட்ட நீளம் குறையக் குறைய படகின் வேகத்துக்கு ஒரு கூரை விழுந்துவிடும். நீரில் 2.4 மீட்டர் நீளம் படியும் படகு மணிக்கு சுமார் 7 கிலோமீட்டருக்கு மேல் போகத் திணறும்; 3.4 மீட்டரானால் சுமார் 8. வித்தியாசம் சின்னதாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அந்த எல்லையை நெருங்க நெருங்கத் தேவைப்படும் பலம் கிடுகிடுவென ஏறும். நீளமான படகு ஒரு துடுப்பு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் நடுவில் வழுக்கிக்கொண்டு ஓடும். குட்டைப் படகு நின்றுவிடும். உங்களுக்கு 3 முதல் 3.6 மீட்டர் வரை சரியாக இருக்கும். துடுப்பு மாட்ட இரண்டு இடம் உள்ளதாகப் பாருங்கள்: தனியாக இருந்தால் நடு இருக்கை, ஆள் ஏறினால் முன் இருக்கை. அடியில் பின்பக்கம் சிறு முதுகெலும்பு போல ஒரு பலகை ஓட வேண்டும். அது இல்லாத படகு நேராகவே போகாது.

அடுத்து, எதில் செய்தது? வார்ப்பு பிளாஸ்டிக் படகைக் கல்லில் இழுத்தாலும் கவலையில்லை, ஆனால் அதே நீளத்துக்கு எடை கூடும். விரிசல் விட்டால் சாதாரணப் பசை ஒட்டாது, உருக்கித்தான் இணைக்க வேண்டும். அலுமினியம் லேசானது, வர்ணமே வேண்டாம். சத்தம் போடும், உப்பு நீரில் வேறு உலோகத் திருகு பட்ட இடம் அரிக்கும். காற்றடைத்த ரப்பர் படகு துடுப்புக்கு ஆகாது, காற்று தள்ளிய பக்கம் போகும். மரத்தின் அழகு தனிதான், ஆனால் நீங்களே ஆகாது என்று சொல்லிவிட்டீர்கள். மிஞ்சுவது ஃபைபர். என் ஓட்டும் அதற்குத்தான். வருடத்துக்கு ஒருமுறை மெழுகு தேய்த்தால் போதும், உடைந்தாலும் எளிதில் ஒட்டலாம். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: ஃபைபர் உடலின் விளிம்பிலும் இருக்கையிலும் மரத்தை அலங்காரமாகப் பதித்து விற்பார்கள். வார்னிஷ் வேலை அந்த வழியாகத் திரும்ப வந்துவிடும்.

பாய் விஷயத்தில் பழைய முறைதான் நல்லது. பிடித்து நிறுத்தும் இழுகம்பிகள் இல்லாமல் தானே நிற்கும் குட்டைப் பாய்மரம், அதில் சாய்வாக ஏறும் பருமல் (பாயின் மேல்விளிம்பைக் கட்டும் கழி), ஒரே நாற்கோணப் பாய். ஏற்றும் கயிறு ஒன்று, கீழே இறுக்கும் கயிறு ஒன்று. காற்று மிரட்டினால் கயிற்றை விட்டால் போதும், எல்லாம் படகுக்குள் விழும். மரமும் பருமலும் படகின் நீளத்துக்குள்ளேயே அடங்குவது பெரிய வசதி. 1962-இல் வடிவமைக்கப்பட்ட மிரர் டிங்கி (நீளம் 3.3 மீட்டர்) எழுபதாயிரத்துக்கு மேல் பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் மிரர் ஒட்டுப்பலகைப் படகு, வர்ணம் கேட்கும். பாய் 4 முதல் 6 சதுர மீட்டர் இருந்தால் போதும்.

பாயோடு போக, பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீருக்குள் ஒரு பலகை வேண்டும். செருகி எடுக்கும் பலகை எளிது. வலிக்கும் நாளில் அந்தப் பொந்து வழியாக நீர் தெறிக்கும் என்பதால் அதற்கு மூடி கேளுங்கள். அச்சில் சுழன்று மடங்கும் பலகை தரை தட்டினால் தானே மேலே வரும், ஆனால் அதன் பெட்டி கால் வைக்கும் இடத்தை விழுங்கும், கூழாங்கல்லும் சிக்கும்.

பழைய படகானால் உடலெங்கும் விரலால் தட்டிப் பாருங்கள். சத்தம் மந்தமாகும் இடத்தில் உள்ளே நீர் புகுந்திருக்கலாம். பின்பலகையையும், துடுப்பை மாட்டும் கொண்டி பதிந்த இடத்தையும் அழுத்திப் பாருங்கள். படகு மூழ்காமல் காக்கும் மிதவை அறைகளின் மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள், உலர்ந்திருக்க வேண்டும். எடையைக் காகிதத்தில் நம்பாமல் ஒரு முனையைத் தூக்கிப் பாருங்கள். 50 கிலோவுக்கு மேல் போனால் சக்கரம் வைத்த தள்ளுவண்டி இல்லாமல் வாரம் மூன்று நாள் நடக்காது. வாங்கிய பிறகு பெரும்பாலான பராமரிப்பு, படகைக் கவிழ்த்து நிழலில் வைப்பதுதான். கடல் என்றால் நன்னீரில் ஒரு அலசல். பாயை வெயிலில் விடக்கூடாது.

கடைசியாகத் துடுப்பு. படகோடு வருவது அநேகமாகக் குட்டையாகத்தான் இருக்கும். இரண்டு கொண்டிகளுக்கும் இடையிலான தூரத்தை அளந்து, பாதியாக்கி, 5 சென்டிமீட்டர் கூட்டுங்கள். அது கொண்டிக்கு உட்புறம் இருக்கவேண்டிய நீளம். அதை 25-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் துடுப்பின் முழு நீளம். 1.2 மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் வரும். பேரம் பேசும்போதே இந்த நீளத்தைக் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம் காலை ஊன்றி வலிக்க ஒரு குறுக்குக்கட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்று பொருத்திக்கொள்ளலாம், அரை நாள் வேலை.