சின்ன ரிவால்வரா, நடுத்தர ரிவால்வரா?

கேள்வி: ஐயா, ஒரு ரிவால்வர்தான் வாங்கப்போகிறேன். இடுப்பில் வைத்துக்கொள்ளவும் வேண்டும், ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி இடத்தில், வாரம் தவறாமல் சுடவும் வேண்டும். எடுத்துச் செல்ல உரிமம் இருக்கிறது. அலுமினிய ஃபிரேமில் (உடலில்) .38 ஸ்பெஷல் ரகத் தோட்டா 5 போடும் சின்னது ஒன்று, ஸ்டீலில் 4 அங்குலக் குழலுடன் .357 மேக்னம் ரகத் தோட்டா 6 போடும் நடுத்தரம் ஒன்று. எதை எடுக்கட்டும்?

பதில்: நடுத்தரத்தை எடுங்கள். ரேஞ்சில் பல வருடமாகப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது எல்லோருக்கும் சின்னதுதான் பிடிக்கும். ஸ்மித் அண்ட் வெசன் 642 போன்ற ஜே ஃபிரேம் (சின்ன உடல்) ரிவால்வர் நானூறு கிராமுக்குச் சற்றுதான் கூடுதல். அதே கம்பெனியின் 686, அதாவது நடுத்தர அளவான எல் ஃபிரேம், 4 அங்குலக் குழலோடு 1.1 கிலோ வரும். ஆனால் தோட்டாவை அடிக்கும் சுத்தியலை டிரிக்கரே பின்னே தள்ளி விழவைக்கும் டபுள் ஆக்‌ஷனில் டிரிக்கரை இழுக்க இரண்டிலுமே ஏறக்குறைய 5 கிலோ அழுத்தம் வேண்டும். நானூறு கிராம் துப்பாக்கியில் அதன் எடையைப்போல் பத்து மடங்குக்கு மேல் விரல் இழுக்கிறது. குழல் ஆடாமல் இருக்குமா? கனமான ரிவால்வர் அந்த இழுப்பைத் தாங்கி நிற்கும். 642-இல் சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் அதை இழுத்து வைத்து லேசான டிரிக்கரில் சுடவும் வழியில்லை.

அப்புறம் உதைப்பு. ஒரே தோட்டாதான், ஆனால் துப்பாக்கி எடை குறையக் குறைய கையில் அடி கூடும். லேசான ரிவால்வரோடு வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: இரண்டாவது முறை சிலிண்டரை நிரப்புவதற்குள் உள்ளங்கை வலிக்கிறது, சுத்தியல் விழுவதற்கு முன்பே கண் மூடுகிறது. சந்தேகம் இருந்தால் அவர்கள் பார்க்காதபோது சிலிண்டரில் சுட்டு முடிந்த ஒரு காலிக் கூட்டையும் கலந்து வைப்பேன். சுத்தியல் அதன் மேல் விழும்போது வெடி வராது, ஆனாலும் குழல் முனை கீழே குத்தும். இந்தப் பழக்கம் ஒருமுறை படிந்துவிட்டால் போக்குவது பெரும்பாடு. அதைவிட எனக்கு வருத்தம், இப்படிப்பட்டவர்கள் மெல்ல ரேஞ்சுக்கு வருவதையே நிறுத்திவிடுவது. சுட்டுப் பழகாத ரிவால்வரை இடுப்பில் வைத்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

நடுத்தரத்தில் .38 தோட்டாவும் போடலாம். 148 கிரெய்ன் (குண்டின் எடை) வாட்கட்டர் .38 போட்டுச் சுட்டுப் பாருங்கள். தட்டையான மூக்குள்ள இலக்குத் தோட்டா, மிக மென்மையாக இருக்கும். காகிதத்தில் சுத்தமான வட்டமாகத் துளை விழும், எங்கே பட்டது என்று தேட வேண்டியதில்லை. குறிபார்க்கும் பின் சைட்டைத் திருகி, போடும் தோட்டாவுக்குத் தக்கபடி சரிசெய்துகொள்ளலாம். சின்னதில் பெரும்பாலும் ஃபிரேமின் மேலே வெட்டிய ஒரு பள்ளம்தான் சைட். எஜெக்டர் கம்பியும் குட்டை. ஒரே குத்தில் காலிக் கூடுகள் முழுசாக வெளியே வராது, ஒன்றிரண்டு பாதியில் நிற்கும்.

எடுத்துச் செல்வதில் சின்னதுதான் சௌகரியம், மறுக்கவில்லை. பாக்கெட்டில் வைப்பதென்றால் அதுதான் வழி. ஆனால் உங்கள் கணக்கு இடுப்புக்கு. சிலிண்டர் தடிமனில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய கால் அங்குலம்தான். சட்டைக்கு வெளியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நீளமான கைப்பிடி, அதைக் குட்டையாக மாற்றிக்கொள்ளலாம். எடையை உறுதியான பெல்ட்டும் நல்ல ஹோல்ஸ்டரும் தாங்கும்.

அவ்வளவு எடை வேண்டவே வேண்டாம் என்றால் நடுவில் ஒரு வழி உண்டு: ஸ்டீலில் செய்த சின்ன ஃபிரேம். ரூகர் எஸ்பி101, 3 அங்குலக் குழலோடு முக்கால் கிலோவைச் சற்று தாண்டும். 5 தோட்டாதான், ஆனால் ஒரு பெட்டி .38-ஐ முகம் சுளிக்காமல் சுட்டு முடிக்கலாம். அலுமினியத்தில் அதைச் செய்பவர்கள் குறைவு.

கேள்வி: .357 ரிவால்வரில் .38 போட்டால் கெட்டுப்போகும் என்கிறார்களே?

பதில்: கெடாது. இரண்டுக்கும் குண்டின் விட்டம் ஒன்றே. 1935-இல் மேக்னம் வந்தபோது அதன் கூட்டை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளமாக வைத்ததற்குக் காரணம், அழுத்தம் கூடிய அந்தத் தோட்டா .38 ரிவால்வருக்குள் நுழையக்கூடாது என்பதுதான். ஆகவே .357-இல் .38 சுடலாம், மாற்றிச் செய்யவே கூடாது. ஒரே தொந்தரவு, குட்டைக் கூட்டின் வாய் முடியும் இடத்தில் சிலிண்டருக்குள் கரி வளையமாகப் படியும். .38 சுட்ட அன்றே பித்தளை பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கெட்டியாகப் படிந்துவிட்டால் அப்புறம் .357 தோட்டா முழுசாக உள்ளே இறங்காது.